கால், அரை, முக்கால்

செல்லூர் கம்பெனியில் ஏற்றிய ஐஸ் பாருக்கு
ஆயுள் இரண்டரை மணி நேரம்.
சித்திரையில் ஒன்றரை.
உமி, ஈரச்சாக்கு, மேலே ஒரு தார்ப்பாய்.
அதற்குள் நெல்பேட்டை மீன்கடை போய்ச் சேர வேண்டும்.

சுமக்கிற என் ஃபிஃப்டியின் ஆயுள்
யாருக்கும் தெரியாது.
மீட்டர் 41,306-ல் நின்று
ஆறு வருஷம் ஆகிறது.
கேபிள் தொண்ணூறு ரூபாய்தான்.
தெரிந்து என்ன செய்யப்போகிறேன் என்று விட்டுவிட்டேன்.

நாலு ஸ்ட்ரோக்காரனுக்கு
ஒரு சுற்று எரிந்தால் ஒரு சுற்று ஓய்வு.
ஆயிலை வயிற்றில் வைத்துக்கொண்டு
அதையே திரும்பத் திரும்பத் தடவிக்கொள்வான்.
இவனுக்குச் சுற்றுக்குச் சுற்று தீ.
காக்க வந்த ஆயிலும்
பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து
நீலப்புகையாய்ப் போய்விடும்.
மறுபடி ஊற்ற வேண்டும், லிட்டருக்கு இருபது மில்லி.
இருமல் மருந்து மூடியில் இரண்டு மூடி.

அந்தச் செவ்வாய்க்கிழமை
மூடி சட்டைப்பையில் இருந்தது, ஆயில் இல்லை.
பாக்கெட்டுக்கு வைத்திருந்த காசில் பரோட்டா தின்றிருந்தேன்.
டேங்கின் அடியில் நேற்றைய ஆயில் கிடக்கும் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஏ.வி. பாலத்தின் நடுவில்
கிரீச்.
அப்புறம் சத்தமே இல்லை.
விஷயம் தெரியாத சக்கரம் மட்டும்
பத்தடி உருண்டது.
கிக்கர் கல் மாதிரி நின்றது.
மணி பன்னிரண்டரை.
கீழே வைகையில் மணலும் கருவேலமும்.

காலடியில் தொட முடியாத சூடு.
முதுகுக்குப் பின்னால் ஐம்பது கிலோ குளிர்.
நடுவில் ஒரு கிழிந்த சீட்டு.
சாக்கைப் பிரித்து ஒரு சில்லு உடைத்துவிட்டேன்,
நல்லவேளை, கிதியோனுக்கு ஃபோன் போட்டேன்.

"அடேய், தண்ணி கிண்ணி ஊத்திராத!
சிலிண்டர் விட்டுப்போகும். அதுவா ஆறட்டும்.
கைய வச்சுக்கிட்டுச் சும்மா இரு."

சும்மா இருந்தேன்.
சில்லு உள்ளங்கையில் கரைந்து
முழங்கை வழியாகச் சொட்டியது.
பஸ் ஜன்னலிலிருந்து ஒருத்தர்,
"தம்பி, வண்டி ஒழுகுது" என்றார்.

முக்கால் மணி நேரம் கழித்து
தண்ணீர் கேன் ஏற்றி வந்த இன்னொரு ஃபிஃப்டிக்காரர்
தன் பாட்டிலிலிருந்து இரண்டு மூடி கொடுத்தார்.
காசு வாங்கவில்லை. திட்டினார்.
ஒன்பதாவது உதையில் புகை வந்தது.

நெல்பேட்டையில் சம்சுகனி
சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு,
"என்னப்பா, சோப்புக்கட்டி கொண்டாந்திருக்க?"
பாதிக் காசு.

ஞாயிறு கிதியோன் கழற்றினான்.
பிஸ்டன் கன்னத்தில் நாலு கோடு,
பூனை பிறாண்டியது போல.
"ஸ்டாண்டர்ட் போச்சு, கால் போச்சு.
இப்ப அரை போடுறேன்.
மிச்சம் முக்கால், ஒண்ணு. அதோட ஸ்லீவ்தான்."
ஒவ்வொரு தடவையும்
கால் மில்லிமீட்டர் குடைந்துதான்
இதற்கு ஆயுள் தருகிறார்கள்.

"எத்தனை வருஷம் வரும்?"
"எஞ்சினக் கேக்காத. ஒன் சட்டைப்பையக் கேளு."

லேத்திலிருந்து சிலிண்டர் வரும்வரை
ஃபோனில் ஒரு வெள்ளை நாட்டைக் காட்டினான்.
இதே ரெண்டு ஸ்ட்ரோக்.
முன்னால் சறுக்குக்கட்டை, பின்னால் பட்டை,
பனியைக் கிழித்துக்கொண்டு ஓடியது.
"அங்கிட்டு ஐஸ் மேல வண்டி போகுது.
ஒனக்கு வண்டி மேல ஐஸ் போகுது."
"அவங்களுக்கும் பிடிக்குமா?"
"பிடிக்காம? ஆனா கேன்காரர் வரமாட்டாரு."

மாட்டி முடித்துச் சாவியைத் தந்தான்.
"மொத ஐநூறு கிலோமீட்டர் மெதுவாப் போ."

மெதுவாகப் போனால் ஐஸ் தேயும்.
விரட்டினால் பிஸ்டன் தேயும்.
திங்கள்கிழமை அரைப் பார்தான் ஏற்றினேன்.
சம்சுகனி மீதிக்கு வேறு ஆள் வைத்துக்கொண்டார்.

ஐநூறு எப்போது முடியும் என்று
தெரிய வேண்டுமே.
கேபிள் இப்போது நூற்றி நாற்பது.
யானைக்கல் இறக்கத்தில்
முள் விதிர்த்தது.
துருப்பிடித்த ஆறு
மேலேறிப் பாதியில் சிக்கி,
ஒரு குழியில் விழுந்து எழுந்ததும்
ஏழானது.